லயத்துப் பாட்டியும் லாயத்துக் குதிரையும்

எங்கள் பாட்டிக்குத் தோட்டத்தில் ‘சுளுக்குக்காரம்மா’ என்று பெயர். பால்மரம் சீவப் போனவர்கள் மேட்டில் சறுக்கிக் காலைப் பிசகிக்கொண்டு வந்தாலும், பையன்கள் பந்தடித்து முட்டி வீங்கி வந்தாலும், தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில் எங்கள் வீட்டு வாசற்படிதான் முதல் ஆஸ்பத்திரி. விளக்கெண்ணெய்யைக் கரண்டியில் சூடு காட்டி ஊற்றி, கட்டைவிரலை நரம்பின் மேல் வைத்து ஓர் இழுப்பு இழுப்பார். அலறல் கடைசி வீடு வரை கேட்கும். “வலிச்சாத்தாண்டா விடும்” என்பது அவருடைய ஒரே சட்டம். எனக்கும் அந்தக் கைவாகு வந்திருப்பதாகச் சின்ன வயதிலிருந்தே சொல்வார்கள். செம்பனை ஆலையில் என்னோடு வேலை செய்கிறவர்கள் இன்றைக்கும் இடுப்புப் பிடித்துக்கொண்டால் என்னைத்தான் தேடுவார்கள்.

அந்தக் கட்டைவிரலைக் கொண்டுபோய் ஒரு குதிரையின் முதுகில் வைத்தேன். அது அலறவில்லை. காதைப் பின்னால் மடக்கி, வாலை ஒரு சுழற்றுச் சுழற்றி, தலையைத் திருப்பி என் இடது தோளைக் கவ்விவிட்டது. தடித்த சட்டை, தப்பித்தேன். நீலம் மறைய மூன்று வாரம் ஆனது.

லாயத்துக்கு எப்படிப் போய்ச் சேர்ந்தேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். என் தாய்மாமா சின்ன வயதிலேயே ஈப்போ பந்தயத்திடலில் சைஸ் வேலைக்குச் சேர்ந்தவர். குதிரைக்குத் தீனி வைத்து, குளிப்பாட்டி, நடக்கவிட்டுப் பார்த்துக்கொள்கிறவரை இங்கே சைஸ் என்றுதான் சொல்வோம். பிறகு சிங்கப்பூரின் கிராஞ்சி பந்தயத்திடலில் பல வருடம். 2024 அக்டோபர் 5ஆம் தேதி அங்கே கடைசிப் பந்தயம் ஓடி முடிந்ததும் மாமா பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊருக்கு வந்துவிட்டார். சுங்கை சிப்புட் டவுனிலிருந்து உள்ளே போகிற பாதையில், செம்பனைத் தோட்டத்தின் ஓரமாக ஒரு தவுக்கே, அதாவது முதலாளி, மூன்று குதிரை வைத்திருக்கிறார். மாமா அங்கே வேலைக்குச் சேர்ந்தார். சனி ஞாயிறுகளில் சாணி அள்ளிப் போடப் போனவன்தான் நான். லயத்தில் பிறந்தவன் லாயத்தில் கிடக்கிறான் என்று அம்மா கிண்டல் செய்வார். ஒரு துணைக்கால் கூடினால் மனுஷன் வீடு குதிரை வீடாகிவிடுகிறது.

என்னைக் கடித்தவனுக்குக் கருவாயன் என்று பெயர் வைத்திருந்தோம். செம்பழுப்பு உடம்பு, முகவாய் மட்டும் கறுப்பு. பழைய பந்தயக் குதிரை, காயடித்தது, வயது 11, எடை 480 கிலோ பக்கம். பந்தயப் பெயர் ஏதோ ஒரு முழ நீளம். அதை யாரும் கூப்பிடுவதில்லை. வலது பக்கம் வட்டம் போடச் சொன்னால் உடம்பை மரக்கட்டை மாதிரி வைத்துக்கொள்வான். சேணத்தின் வயிற்றுவாரை இறுக்கப் போனால் பல்லைக் காட்டுவான். மாமா விடுமுறையில் இருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, “முதுகு பிடிச்சிருக்கு, நம்ம கைதான் மருந்து” என்று முடிவு செய்தது நானேதான்.

மாமா திரும்பி வந்து தோளைப் பார்த்துச் சிரித்தார். “டேய், உன் பாட்டிகிட்ட வர்ற ஆளு ‘வலிக்குது, விடுங்க’ன்னு வாயால சொல்லும். இவன் சொல்ல மாட்டான். நீதான் பாக்கணும். நீ அவன் மூஞ்சியவே பாக்கலையே.”

உண்மை. நான் முதுகைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். குதிரை, புலிக்கு இரையாகிற வம்சம். வலியைக் காட்டிக்கொண்டால் கூட்டத்தில் அதுதான் முதலில் போகும். அதனால் மறைக்கும். ஆனால் முகத்தில் கொஞ்சம் கசியும். ஐரோப்பிய ஆய்வாளர்கள் 2014இல் குதிரையின் முகத்தை வைத்தே வலியை அளக்க ஒரு கணக்கு உருவாக்கினார்கள்: விறைத்துப் பின்னால் சாய்ந்த காது, இடுங்கிய கண், கண்ணுக்கு மேலே புடைத்த எலும்பு, இறுகிய தாடைத் தசை, கெட்டியாகிப் போன வாயும் முகவாயும், விரிந்து விறைத்த மூக்குத் துவாரம். இந்த ஆறையும் தெரிந்துகொண்ட பிறகு எனக்கு ஒரு கெட்ட பழக்கம் வந்துவிட்டது. தொலைக்காட்சியில் குதிரை வந்தால் கதையை விட்டுவிட்டு வாயைப் பார்க்கிறேன்.

இன்னொன்றும் அப்போதுதான் புரிந்தது. குதிரையை நாம் அழுத்தினால் அது விலகாது, எதிர்த்து நிற்கும். தசையில் விரலைக் குத்தினால் அந்தத் தசை இன்னும் இறுகும். 480 கிலோவோடு மல்லுக்கட்டி யாரும் ஜெயித்ததில்லை. பாட்டியின் சட்டம் இங்கே தலைகீழ்: வலித்தால் விடாது, பிடித்துக்கொள்ளும்.

கிராஞ்சியில் வெளிநாட்டிலிருந்து வந்து குதிரைகளுக்குக் கை வைத்தியம் செய்தவர்களைப் பார்த்துப் பார்த்தே மாமா கற்றுக்கொண்டிருந்தார். அமெரிக்கரான ஜிம் மாஸ்டர்சன் பரப்பிய முறையின் சாயல் அதில் நிறைய. அந்த முறையில் அழுத்தத்துக்கு ஐந்து படி. ரோமத்தைத் தொட்டும் தொடாமலும் இருப்பது முதல் படி. அடுத்து முட்டை மஞ்சள்கருவை அமுக்குகிற அளவு, பிறகு திராட்சை, கனிந்த எலுமிச்சை, கடைசியில் கெட்டி எலுமிச்சை. மாமா இதைச் சொல்லித் தரவில்லை, செய்ய வைத்தார். டவுன் கோப்பிக் கடையில் அரைவேக்காட்டு முட்டை இரண்டு வாங்கித் தட்டில் உடைத்து ஊற்றினார். “மஞ்சக்கருவ விரலால தொடு. குழியணும், உடையக் கூடாது.” முதல் முட்டை உடைந்தது. இரண்டாவதும் உடைந்தது. இன்னும் இரண்டு வாங்கினார். பக்கத்து மேசைக்காரர் எங்களை ஒரு மாதிரியாகப் பார்த்தார். நான்காவது முட்டையில் விரல் நுனியில் ஒரு சின்ன நடுக்கம், மஞ்சள் அப்படியே தளதளத்து நின்றது. “இதுதான் உனக்கு அதிகபட்சம். இதுக்கு மேல அவன் கேட்டாத்தான்” என்றார். முட்டைக் காசு என் கணக்கில்.

அப்புறம் லாயத்தில். மாமா கயிற்றைத் தளர்வாகப் பிடித்துக்கொண்டார். கட்டிப்போட்டு வைத்துச் செய்யக் கூடாது, அதற்கு விலகிப்போக வழி இருக்க வேண்டும். நான் இடது தோள் பக்கம் நின்று, காதுக்குப் பின்னால் உச்சந்தலையில் தொடங்கி, பிடரி மயிருக்கு மூன்று விரற்கடை கீழே, நத்தை போகிற வேகத்தில் விரலை இறக்கினேன். சீன வைத்தியத்தில் இதைச் சிறுநீர்ப்பை நாடி ஓடுகிற கோடு என்பார்கள். கழுத்து, முதுகு, புட்டம் வழியாகப் பின்னங்கால் வரை போகும். அப்படி ஒரு நாடி இருப்பதாக எனக்கு நம்பிக்கை இல்லை. விரல் எங்கே போக வேண்டும் என்பதற்கு ஒரு தடம், அவ்வளவுதான்.

கழுத்தில் ஒரு சாண் இறங்கியிருப்பேன். கருவாயன் ஒருமுறை கண் சிமிட்டினான். “நிறுத்து” என்றார் மாமா. விரலை அங்கேயே வைத்துக்கொண்டு நின்றேன். ஒன்றும் நடக்கவில்லை. பாதையில் செம்பனைக் குலை ஏற்றிய லாரி ஒன்று தடதடவென்று போனது. கொசு என் காதைச் சுற்றியது. விரலை எடுத்துவிடலாம் என்று தோன்றும்போதெல்லாம் மாமா என்னை முறைத்தார். இமை பாதியாக இறங்கியது. கீழுதடு தொங்கியது. பின்னங்கால் ஒன்றின் குளம்பு நுனியை மட்டும் தரையில் ஊன்றி எடையை மாற்றினான். நாக்கு வெளியே வந்து உதட்டை நக்கி, வெறும் வாயை மென்றான். அதற்கப்புறம் வந்தது கொட்டாவி. தாடை கோணிக்கொண்டு, மஞ்சள் பல் அத்தனையும் தெரிய, கண் மேலே செருக, ஒன்று, இரண்டு, மூன்று. மூன்றாவது கொட்டாவியில் அவன் தலை என் முழங்கைக்கு வந்துவிட்டது. நான் விரலால் செய்தது ஒன்றுமே இல்லை. ஆலையில் ஒருவருக்கு இடுப்பு நீவினால் எனக்கு வியர்த்து ஊற்றும்; அன்றைக்கு நின்ற காலில் மரத்துப்போனதுதான் மிச்சம்.

கொட்டாவி வந்தால் இறுக்கம் விட்டுவிட்டது என்று எல்லோரும் சொல்வார்கள். கொஞ்சம் ஜாக்கிரதை. வயிற்று வலியிலும் பதற்றத்திலும்கூடக் குதிரை கொட்டாவி விடும். அது எப்போது வந்தது, கூடவே கண்ணும் காதும் என்ன செய்தன என்பதைச் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். நான் நாடித்துடிப்பையும் எண்ணுவேன். தாடை எலும்பின் கீழ் விளிம்பில் இரண்டு விரலை வைத்தால் ஒரு குழாய் உருளும், 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்க வேண்டும். ஓய்வில் நிமிடத்துக்கு 28 முதல் 44 வரை சரி. கழுத்து முடிந்து முதுகு தொடங்குகிற மேட்டை இரண்டு குதிரைகள் ஒன்றுக்கொன்று பல்லால் சொறிந்துகொள்வதைப் பார்த்திருப்பீர்கள். அந்த இடத்தை மனிதக் கையால் சொறிந்தாலே நாடி இறங்குகிறது என்று பிரான்ஸின் கமார்க் குதிரைகளை வைத்து 1993இல் காட்டினார்கள். பயந்த குதிரையிடம் முதலில் நான் போகிற இடம் அதுதான். தலையைத் தட்டிக் கொடுப்பது நமக்குத்தான் பிடிக்கும்.

இந்தத் தொழிலில் புளுகும் நிறைய உண்டு. நீவினால் தசையில் தேங்கிய நஞ்சு வெளியேறும் என்று ஒருவர் என்னிடம் பாடமே எடுத்தார். ஓடும்போது சேருகிற லாக்டேட்டை உடம்பே சீக்கிரம் கரைத்துவிடும், அதற்கு என் விரல் தேவையில்லை.

உடம்பின் அமைப்பைத் தெரிந்துகொண்டது கைக்கு மிகவும் உதவியது. நமக்குக் காறை எலும்பு இருக்கிறது, குதிரைக்குக் கிடையாது. முன்னங்கால்கள் இரண்டும் உடம்போடு எலும்பால் இணையவே இல்லை, தசையும் நாரும்தான். நடுவே மார்புக்கூடு தூளியில் பிள்ளை தொங்குகிற மாதிரி தொங்குகிறது. உடம்பின் எடையில் ஏறக்குறைய 60 விழுக்காடு முன்னங்கால்கள் மேல். அப்படியென்றால் தூளிக் கயிறு எவ்வளவு இழுபடும்! கருவாயனின் முதுகில் நான் தேடிக்கொண்டிருந்த முடிச்சு பாதி அங்கே, தோளுக்குள்ளும் முன்னங்கால்களுக்கு நடுவிலும் இருந்தது. இப்போது முன்னங்காலை எடுத்து, முட்டியை மடக்கி, என் இரு கையில் ஏந்திக்கொள்வேன். இழுப்பதில்லை. அவன் எடையை என் கையில் விடும்வரை காத்திருந்து, மெதுவாகத் தரைக்குக் கொண்டுபோவேன். முதல் வாரங்களில் காலைப் பிடுங்கிக்கொண்டே இருந்தான். கால் பக்கம் குந்தித்தான் உட்கார வேண்டும். முட்டி போட்டால் எழுந்து ஓட நேரமிருக்காது.

இவ்வளவு கற்றும் நான் செய்த பெரிய முட்டாள்தனம் தைலம். கருவாயனின் பின்னங்கால் லேசாக வீங்கியிருந்த ஒரு நாள், பாட்டியின் குப்பியிலிருந்து காரமான தைலத்தைத் தேய்த்து, பழக்கதோஷத்தில் அதன்மேல் துணி சுற்றிக் கட்டிவிட்டு வீட்டுக்குப் போனேன். காலையில் பிரித்தால் ரோமம் துணியோடு வந்தது. தோல் கொப்புளித்திருந்தது. மூடிக் கட்டினால் சூடு இரண்டு மடங்கு வேலை செய்யும், குதிரையின் தோல் நம் தோலைவிட மெல்லியது மாதிரிதான் நடந்துகொள்ளும். மாமா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. போட்டிக் குதிரையாக இருந்தால் கதை இன்னும் மோசம். 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கின் குதிரையேற்றம் ஹாங்காங்கில் நடந்தபோது, மிளகாயில் இருக்கிற கேப்சைசின் சில குதிரைகளின் உடம்பில் தெரிந்து, நார்வே அணி வெண்கலத்தையே இழந்தது. இப்போது என் கையில் எண்ணெய்கூடக் கிடையாது. வெறுங்கை.

தொடக் கூடாத நாளை அறிவதுதான் இதில் கடினம், கை துறுதுறுவென்று இருப்பவனுக்கு இன்னும் கடினம். செல்லி என்ற பெண்குதிரை இரண்டு நாள் மழையால் லாயத்திலேயே நின்றாள், தானியம் மட்டும் வழக்கம்போலப் போனது. மூன்றாம் நாள் காலை ஓட்டிவிட்டுத் திரும்பும்போது வாசலிலேயே நின்றுவிட்டாள். வியர்வை சொட்டியது. புட்டத்தைத் தொட்டேன், பலகை. ‘ஆகா, இதுதான் நம்ம வேலை’ என்று கையைச் சுருட்டினேன். மாமா லாயத்தின் மறுகோடியிலிருந்து கத்தினார்: “கை வைக்காத! நடக்கவும் விடாத!” சற்று நேரத்தில் அவள் சிறுநீர் விட்டாள், பால் ஊற்றாத கோப்பி நிறம். தசை நார்கள் உடைந்து அதன் சாயம் சிறுநீரில் இறங்குகிறது. அது சிறுநீரகத்தையே கெடுத்துவிடும். ஓய்வுக்குப் பிறகு வேலைக்குப் போகிற நாளில் வருவதால் இதைத் திங்கட்கிழமை நோய் என்று பழைய சைஸ்கள் சொல்வார்கள். நிழலில் நிற்கவைத்து, தண்ணீர் வைத்து, ஈப்போவிலிருந்து டாக்டர் வரும்வரை காத்திருந்தோம். மருந்தும் சொட்டுநீரும் ஏறின, பிழைத்துக்கொண்டாள். அன்று நான் அந்தத் தசையைப் பிசைந்திருந்தால் என்று இரவெல்லாம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அதிலிருந்து கை வைப்பதற்கு முன் ஐந்து நிமிடம் வேறு வேலை. காய்ச்சல் பார்ப்பேன், 37.2 முதல் 38.3 டிகிரி வரை சரி. விலா ஏறி இறங்குவதை எண்ணுவேன், நிமிடத்துக்கு 8 முதல் 16. உள்ளங்கையை விரித்து உச்சந்தலையிலிருந்து குளம்பு வரை தடவிக்கொண்டே போவேன். எங்கே சூடு, எங்கே வீக்கம், எங்கே தோல் துள்ளுகிறது. கணுக்காலுக்குப் பின்பக்கம் நாடி படபடவென்று அடித்து, குளம்பும் சுட்டால் குளம்பழற்சியாக இருக்கலாம். அதுவும் டாக்டர் வேலை. வயிற்று வலி, காய்ச்சல், புதுக் காயம், படை, இவை எதிலும் என் கை போகாது. நம் ஊர் வெயிலுக்கென்றே ஒரு சோதனை உண்டு. மற்ற குதிரைகள் நனைந்து நிற்கும்போது ஒன்று மட்டும் காய்ந்த தோலோடு மூச்சு வாங்கினால் அதற்கு வியர்வை நின்றுபோயிருக்கிறது. தண்ணீரைப் பீய்ச்சி, காற்றாடி வைத்து, டாக்டரைக் கூப்பிட வேண்டும். குளிர் நாட்டிலிருந்து வந்த குதிரைகளுக்கு இங்கே இது நிறையவே வருகிறது.

கருவாயன் விஷயத்தில் இன்னொரு கூத்து. மூன்று வாரம் ஒவ்வொரு சனியும் முதுகில் அதே இடத்தை இளக வைப்பேன், அடுத்த சனி அதே இடத்தில் அதே முடிச்சு. என் கைவாகைப் பற்றி எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. ஒரு நாள் சவாரி முடிந்து மாமா சேணத்தைக் கழற்றும்போது பக்கத்தில் நின்றேன். முதுகெல்லாம் வியர்வை, மேட்டுக்குப் பின்னால் இரண்டு பக்கமும் உள்ளங்கை அகலத்துக்கு மட்டும் காய்ந்த திட்டு. சேணம் அந்த இடத்தை அவ்வளவு நெரித்திருக்கிறது. அவனுக்கு அது குறுகலான சேணம். வாரம் ஆறு நாள் அது அமுக்கியதை ஒரு நாள் நான் அவிழ்த்துக்கொண்டிருந்தேன். தவுக்கேயிடம் சொல்லி வேறு சேணம் மாற்ற ஒன்றரை மாதம் ஆனது. ‘நீ நல்லாப் புடிச்சு விட்டா போதாதா’ என்பது அவருடைய வாதம். சேணம் மாறிய பிறகு வாரைக் கண்டு பல்லைக் காட்டுவது தானாகக் குறைந்தது. அந்தப் பெருமையை என் கைக்குக் கொடுக்க எனக்கும் ஆசைதான்.

வீட்டுப்பாடமாக நான் கொடுப்பது கேரட். சந்தையில் வாங்கி, நீளவாக்கில் கீறி, அதைக் காட்டிக் கழுத்தை அழைப்பது. முகவாய் மார்புக்கு, பிறகு முட்டிகளுக்கு நடுவே, பிறகு கணுக்கால் வரை கீழே. அப்புறம் பக்கவாட்டில் விலாவுக்கும் இடுப்புக்கும். ஐந்து விநாடி நிற்க வேண்டும், பிடுங்கிக்கொண்டு போனால் கணக்கில்லை. 8 குதிரைகளை வாரம் 5 நாள், 3 மாதம் இப்படிச் செய்ய வைத்து, முதுகெலும்பை ஒட்டிய ஆழத் தசை பருத்ததை அளந்து 2011இல் எழுதியிருக்கிறார்கள். கருவாயனுக்கு இடது பக்கம் இடுப்பு வரை வளையும். வலது பக்கம் விலாவோடு நின்றுவிடும், காலை எடுத்து வைத்து உடம்பையே திருப்பி ஏமாற்றுவான். சுவரோரம் நிறுத்தினால் ஏமாற்ற முடியாது. விரலைத் தட்டையாக வைத்துக் கொடுங்கள். கேரட்டுக்கும் விரலுக்கும் அவனுக்கு வித்தியாசம் தெரியாது.

போன மாதம் பாட்டியை லாயத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். 86 வயது. மாமா பிளாஸ்டிக் நாற்காலி போட்டு நிழலில் உட்கார வைத்து, மைலோ கலந்து கொடுத்தார். பேரன் குதிரைக்குச் சுளுக்கு எடுக்கிறான் என்று தாமான் முழுக்கச் சொல்லிவைத்திருந்ததால் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் கருவாயனின் கழுத்தில் இரண்டு விரலை வைத்தேன். வலது பக்கம், எப்போதும் பிடிவாதம் பிடிக்கிற இடம். கண் சிமிட்டினான், நிறுத்தினேன், நின்றேன். பத்து நிமிடம் இருக்கும். கீழுதடு அப்போதுதான் தொங்கத் தொடங்கியிருந்தது.

பாட்டி மைலோவைக் குடித்து முடித்து, டம்ளரை நாற்காலிக்குக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்: “எப்படா ஆரம்பிக்கப் போற?”